அறிவுரையும் அணிந்துரையும்

எழுத்துலகிற் புகும் இளைஞன் மூத்த எழுத்தாளரை நாடுவது இயல்பே. அவன் வேண்டுவது அறிவுரையையா, அணிந்துரையையா என்பதே எமது ஐயம்.

1898இல் மாக்சிம் கோர்க்கி தமது இரு கதைத் தொகுதிகளையும் அன்ரன் செக்கோவுக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டார். கேட்டவருக்கு வயது 30; வோல்காக் கப்பலிற் பாத்திரம் கழுவியும், பாண் போறணையில் மாப்பிசைந்தும் வளர்ந்தவர். செக்கோவுக்கு 38, புகழின் உச்சியிலிருந்தார்.

செக்கோவ் அவரது திறமையைத் தயக்கமின்றி ஒப்புக்கொண்டார். அத்துடன் நிறுத்தியிருந்தால் அக்கடிதங்களை இன்று யார் படிப்பார்? கட்டுப்பாடு போதாது என்றார். இயற்கை வருணனையிற் கடல் மூச்சுவிடுவதும் வானம் நோக்குவதும் அலுப்பூட்டுகின்றன என்றார். அடைமொழிகள் மிகுந்து வாசகன் களைத்துப்போகிறான் என்றார். பொது உபதேசமன்று இது. வரியிலே விரல் வைத்துக் காட்டிய வாசிப்பு. கையெழுத்துப் பிரதியுடன் வந்த மாணவருக்கு, "நன்று, தொடர்ந்து எழுதுக" என்று எழுதிக்கொடுத்து நாமும் தப்பியதுண்டு. அதனை அன்பென்று எண்ணினோம். உண்மையில் அது சோம்பல்.

கோர்க்கி உடனே திருந்தினாரா? இல்லையென்பதே எமது கணிப்பு. 1899இல் வெளியாகி, செக்கோவுக்கே காணிக்கையாக்கப்பட்ட 'போமா கோர்தேயெவ்' நாவலிலும் சொற்பெருக்கு அடங்கவில்லை. செக்கோவ் அதற்காகக் கைவிட்டுவிடவில்லை. நாடகம் எழுதுமாறு தூண்டினார். 1902இல் 'அடி ஆழத்தில்' மொஸ்கோக் கலை அரங்கில் மேடையேறியது.

அதே ஆண்டில் கோர்க்கி அக்கடமியின் கௌரவ உறுப்பினராகத் தெரிவுசெய்யப்பட்டார். சார் மன்னனின் அதிருப்தியால் அத்தெரிவு இரத்தாயிற்று. செக்கோவும் கொரொலென்கோவும் தம் உறுப்புரிமையைத் துறந்து வெளியேறினர்.