கதை முடிந்த இடத்தில் தொடங்கும் துன்பம்

மலேசியத் தமிழ்ச் சிறுகதைகளில் கணவனிடம் அடிபடும் மனைவி புதியவள் அல்லள். தோட்டத்து லயத்திலும் கள்ளுக்கடைப் பின்னணியிலும் அவளை வாசகர் பலமுறை கண்டிருப்பர். குடித்துவிட்டு வரும் கணவன், தரையில் சிதறிய சோறு, மூலையில் ஒடுங்கிய பிள்ளைகள் எனக் காட்சிகள் விரிகின்றன. இறுதியில் அவள் பிள்ளைகளோடு வீட்டைவிட்டு வெளியேறுகிறாள். அத்துடன் கதையும் முடிகிறது. அவளுக்கு விடுதலை கிட்டிவிட்டது என்னும் நிறைவோடு வாசகனும் ஏட்டை மூடிவிடுகிறான்.

இம்முடிவு வாழ்க்கையோடு பொருந்துவதன்று. தனித்து வாழும் தாயின் துன்பத்தில் இரண்டாம் பகுதி அங்கேதான் தொடங்குகிறது. ஒருவர் ஊதியத்தில் வீட்டு வாடகையும் பிள்ளைகளின் படிப்பும் நடைபெற வேண்டும். "பொறுத்துப் போயிருக்கலாமே" என்னும் உறவினர் சொல்லையும் தாங்க வேண்டும். கதவு தட்டப்படும் ஓசைக்கே நெஞ்சம் நடுங்குகிறது. இரவில் உறக்கம் இல்லை. அடியைக் கண்டு வளர்ந்த பிள்ளைகளுள் ஒருவன் வாய் மூடிப் போகிறான். மற்றொருவன் பள்ளியில் கை நீட்டுகிறான்.

மலேசியாவின் குடும்ப வன்முறைச் சட்டம் 1994இல் இயற்றப்பட்டு 1996இல் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டம் கணவனை மட்டுமன்றி, முன்னாள் கணவனையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்தது. மணமுறிவோடு வன்முறை ஓய்ந்துவிடுவதில்லை என்பதே அதன் பொருள். 2012ஆம் ஆண்டுத் திருத்தம் உள்ளத்தில் ஏற்படுத்தப்படும் காயத்தையும் வன்முறையாகக் கொண்டது. சட்டம் கண்ட உண்மையை எழுத்தாளன் காணாதிருக்கலாமா?

சிறுகதை ஒரு கணத்தைக் காட்டுவது. அனைத்தையும் அதில் அடக்க இயலாது என்பர் சிலர். உண்மையே. ஆயினும், எக்கணத்தைத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் படைப்பாளனின் நோக்கு புலனாகிறது. வெளியேறிய ஆறு திங்களுக்குப் பின், பள்ளிப் பாரத்தில் 'தந்தையின் முகவரி' என்னும் இடத்தில் எழுதுகோலை நிறுத்தும் தாயின் கணமும் ஒரு கதைக்குப் போதுமானதே.

தமிழகத்தின் பாமா எழுதிய 'சங்கதி' (1994) இவ்வகையில் கருதத்தக்கது. தந்தை தாங்காத குடும்பத்தின் சுமை, தீப்பெட்டித் தொழிற்சாலைக்குச் செல்லும் சிறுமி மைக்கண்ணியின் தலையில் இறங்குவதை அந்நூல் காட்டுகிறது. அதில் தாய்க்கு ஒளிவட்டம் சூட்டப்படவில்லை. நம் கதைகளோ அவளைத் தியாகத் தெய்வமாக்கிவிடுகின்றன. தெய்வமாக்கப்பட்டவளுக்கு எவரும் கைகொடுக்க வேண்டியதில்லை அன்றோ?

இத்தகைய கதைகளை வகுப்பில் பயிற்றும் ஆசிரியர், "பின்னர் அவள் எவ்வாறு வாழ்ந்தாள்?" எனும் வினாவையும் எழுப்புதல் வேண்டும். எனினும் எந்த மாணவரையும் சுட்டிக் கேட்டல் கூடாது. விடை அறிந்த பிள்ளை அவ்வகுப்பிலேயே அமர்ந்திருக்கக்கூடும்.