உபரி நீர் என்னும் கணக்கு

பங்குனி மாதத்தில் குற்றாலத்துக்குப் போனதுண்டா? பேரருவி விழ வேண்டிய இடத்தில் பெரும்பாலும் வெறும் பாறைதான் நிற்கும். ஆடி மாதச் சாரலின்போது அதே இடத்தில் தலை கொடுக்க முடியாது. வெள்ளம் மிகுந்தால் குளிக்கவே தடை போட்டுவிடுவார்கள். இப்போது ஒருவர், ஓராண்டில் விழும் நீரையெல்லாம் கூட்டி, 365ஆல் வகுத்து, "இவ்வருவியில் நாள்தோறும் இவ்வளவு நீர் விழுகின்றது" என்று பலகை எழுதி வைத்தால் என்ன சொல்வீர்கள்? கணக்கில் பிழை இல்லை. ஆனால் அதை நம்பித் துண்டும் எண்ணெயுமாகப் பங்குனியில் வந்து இறங்குபவர் பாடு திண்டாட்டம்தான்.

பம்பை - அச்சன்கோவில் - வைப்பாறு இணைப்புத் திட்டமும் இப்படிப்பட்ட ஒரு பலகையை நம்பியே நிற்கின்றது என்பது என் குறை.

திட்டம் புதிதன்று. 1980இல் மத்திய அரசு வகுத்த தேசிய நீர்வளத் திட்டத்தின் வழியே வந்தது. 1982இல் தொடங்கப்பட்ட தேசிய நீர்வள மேம்பாட்டு முகமை 1995இல் இதற்கான சாத்தியக்கூறு அறிக்கையை முடித்தது. கேரளத்தில் மூன்று அணைகள். மலையைக் குடைந்து சுரங்கம். கிழக்கே மலையடிவாரமாக ஏறத்தாழ 50 கிலோமீட்டர் கால்வாய். ஆண்டுக்கு 63 கோடியே 40 இலட்சம் கன மீட்டர், அதாவது சுமார் 22 டி.எம்.சி. நீர் இப்பக்கம் வரும். 91,400 எக்டேர் பாசனம் பெறும். ஏறத்தாழ 500 மெகாவாட் மின்சாரமும் கிடைக்கும் என்கின்றது அறிக்கை. கேரளம் இசையாததால் திட்டம் அதற்கு மேல் நகரவில்லை. 2012இல் நதி இணைப்பு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகும் நிலைமை மாறவில்லை.

இத்திட்டத்தைக் கேட்பவர்களை நான் குறை கூறவில்லை. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மலையின் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, செங்கோட்டைக் கணவாய் வழியே தென்காசிக் கோவில் வாசலில் நம்மைத் தள்ளும் காற்றாகவும் கொஞ்சம் சாரலாகவும் வந்து சேர்கின்றது. இன்னும் வடகிழக்கே, சங்கரன்கோவில், கோவில்பட்டிப் பக்கம் போனால் அந்தச் சாரலும் இல்லை. கிணற்றை ஆழப்படுத்தியே கடனாளியான விவசாயிக்கு, மலைக்கு அப்பால் நீர் கடலுக்கு ஓடுகின்றது என்றால் வயிறு எரியாதா? அவருக்காகத்தான் இந்தக் கேள்விகளைக் கேட்க வேண்டியிருக்கின்றது.

முதற் கேள்வி, அந்த 'உபரி' எப்படிக் கிடைத்தது என்பது. ஆற்றில் ஓராண்டில் ஓடும் நீரிலிருந்து அப்படுகையின் எதிர்காலத் தேவைகளைக் கழித்து, மிச்சத்தை உபரி என்கின்றார்கள். அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைத்தான் எடுக்கின்றோம் என்கின்றது அறிக்கை. கேட்க நியாயமாகத்தான் இருக்கின்றது. ஆனால் ஆறு ஆண்டுக் கணக்கில் ஓடுவதில்லை. நாள் கணக்கில் ஓடுகின்றது. 2018 ஆகஸ்டில் பம்பையில் வந்த பெருவெள்ளத்தை நாம் மறக்கவில்லை. வெள்ளம் வடிந்த சில வாரங்களிலேயே கேரளத்தின் பல ஆறுகளிலும் கிணறுகளிலும் நீர்மட்டம் வியக்கத்தக்க அளவில் இறங்கியது. அவ்வாண்டின் மொத்தக் கூட்டலைப் பார்த்தால் இந்த இரண்டில் எதுவுமே தெரியாது.

இரண்டாவது, 'வீணாகக் கடலில் கலக்கும் நீர்' என்ற சொல். அச்சன்கோவில் ஆறு வீயபுரத்தில் பம்பையோடு கலக்கின்றது. பம்பை வேம்பநாட்டுக் காயலை அடைகின்றது. இடையே இருப்பது கடல் மட்டத்துக்கும் கீழே நெல் விளையும் குட்டநாடு. அங்குள்ள கரி நிலங்களில் கந்தகச் சேர்மங்கள் புதைந்துள்ளன. மண் காய்ந்து காற்றுப் பட்டால் அவை கந்தக அமிலமாக மாறும். அந்த அமிலத்தைக் கழுவிக் கொண்டுபோவது மழைக்கால வெள்ளம். கோடையில் கடலின் உப்பு உள்ளே ஏறாமல் எதிர்த்துத் தள்ளுவதும் ஆற்று நீரே. ஆக, வீண் என்று எழுதப்பட்ட நீர் ஒரு வேலையைச் செய்து கொண்டிருக்கின்றது. கூலி கேட்காததால் கணக்கில் ஏறவில்லை. கோடையில் அணைகளிலிருந்து கீழே நீர் விடுவோம், அதனால் உப்பு குறையும் என்று அறிக்கை கூறுவதையும் சொல்லிவிட வேண்டும். குறையலாம். அதைக் கடல் ஏற்றவற்றத்தோடு சேர்த்து, வாரவாரியாகக் கணக்கிட்டல்லவா காட்ட வேண்டும்?

மூன்றாவது, மலை. அச்சன்கோவில் நமக்கு அந்நியமன்று. மார்கழியில் ஐயனின் ஆபரணப் பெட்டி தென்காசி வழியாகத்தான் போகின்றது. நிலவியலார் இவ்வூரை வேறு காரணத்துக்காக அறிவார்கள். இங்கே மலையின் ஊடாக வடமேற்கிலிருந்து தென்கிழக்காக ஒரு பழங்காலப் பிளவுப் பட்டை ஓடுகின்றது. 'அச்சன்கோவில் துணிப்பு மண்டலம்' என்றே அதற்குப் பெயர். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இரு பெரும் பாறைத் திட்டுகள் ஒன்றையொன்று உரசி நகர்ந்த தழும்பு அது. நொறுங்கிய பாறையில் வெடிப்புகள் மிகுதி. வெடிப்புகளில் நீர் இருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் சுரங்கம் குடைந்தால், மேலேயுள்ள ஊற்றுகளின் நீர் சுரங்கத்துக்குள் வடிந்துவிடக் கூடும். வடியும் என்று நான் சாதிக்கவில்லை. துளையிட்டுப் பார்த்து, ஊற்றுகளை ஒவ்வொன்றாகக் குறித்து, குடைவதற்கு முன்பே அளந்து வைத்திருந்தால்தான் பிறகு யாரும் பேச முடியும். ஏறத்தாழ 2,000 எக்டேர் காடு மூழ்கும் என்பது எல்லோரும் பேசும் செய்தி. ஊற்றுகளைப் பற்றிப் பேசுவார் குறைவு.

நம் பக்கத்துக் கால்வாயையும் பாருங்கள். மலையடிவாரத்தை ஒட்டிக் கால்வாய் வெட்டினால், மலையிலிருந்து குளங்களுக்கு இறங்கும் ஓடைகளையெல்லாம் அது குறுக்கே வெட்டும். ஒவ்வோர் ஓடைக்கும் மேலாகவோ கீழாகவோ வழி விட வேண்டும். ஒன்றில் தவறினாலும், வந்த நீருக்கு மகிழ்ந்து கொண்டிருக்கும்போதே ஒரு குளம் செத்துப்போகும். கரிசல் மண்ணோ நீரை எளிதில் வடியவிடாது. வடிகால் இல்லாமல் பாய்ச்சினால் சில ஆண்டுகளில் உப்புப் பூக்கும்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலமும் இதே போன்ற சிக்கலில் இருக்கின்றது. சாக்ரமெண்டோ ஆற்று நீரைக் கழிமுகத்தின் அடியே சுரங்கம் வெட்டித் தெற்கே கொண்டுபோகத் திட்டம். அக்கழிமுகத்திலும் குட்டநாட்டைப் போலக் கடல் மட்டத்துக்குக் கீழே வயல்கள். அங்கும் உப்புதான் கவலை. சுற்றுச்சூழல் அறிக்கையின் வரைவு 2022இலும் இறுதி வடிவம் 2023 டிசம்பரிலும் வெளிவந்தன. வரைவைப் படித்துப் பொதுமக்கள் எழுதிய கருத்துகளுக்கு அரசு எழுத்தில் பதில் தர வேண்டும் என்பது அம்மாநிலச் சட்டம். அதன் பிறகும் வழக்குகள் வரத்தான் செய்தன. ஆயினும் என்ன கேட்கப்பட்டது, என்ன பதில் சொல்லப்பட்டது என்பது அச்சில் இருக்கின்றது.

நம் நாட்டில் 2006 செப்டம்பர் 14ஆம் நாள் அறிவிக்கையின்படி இத்தகைய திட்டத்துக்குத் தாக்க மதிப்பீடும் மக்கள் கருத்துக் கேட்பும் தேவை. ஆனால் மதிப்பீட்டை எழுதுவிப்பது திட்டத்தை முன்வைப்பவரே. வட்டார மொழியில் தர வேண்டியதும் சுருக்கம் மட்டுமே. குளத்தின் வரத்துக்காலை அறிந்தவர் தமிழ் படிப்பவர். அந்த வரத்துக்காலைப் பற்றிய பக்கமோ ஆங்கிலத்தில் இருக்கும்! இதை ஒரு விஞ்ஞானக் குறையாகவே நான் கருதுகின்றேன். பிழையைக் கண்டுபிடிக்கக் கூடியவர் கைக்கு எட்டாத அறிக்கையில் பிழை அப்படியே தங்கிவிடும்.

பம்பையில் மாலக்கரையிலும், அச்சன்கோவில் ஆற்றில் தும்பமண்ணிலும் மத்திய நீர் ஆணையம் ஆற்றின் ஓட்டத்தை அளந்து வருகின்றது. தென்காசியில் என்றைக்காவது கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தால், ஆண்டுக் கூட்டலை ஒதுக்கிவிட்டு அந்த அளவுகளை மாதவாரியாகக் கேளுங்கள். மழை பொய்த்த ஆண்டுகளின் மாசி, பங்குனிப் பத்திகளைத் தனியே கேளுங்கள். கால்வாய் கடக்கும் ஓடைகளின் பட்டியலை ஊர்ப் பெயர்களோடு, தமிழில் கேளுங்கள்.