குவார் கெப்பா: எலும்பும் மேடும்

செபராங் பிறையின் வடபால், மூடா ஆற்றை அடுத்துள்ளது குவார் கெப்பா. மலாய் மொழியில் கெப்பா என்பது ஒருவகைச் சிப்பி. குவார் என்பது மேடு. பெயரில் நிற்கும் மேடு நிலத்தில் பெரும்பாலும் இல்லை.

புதிய கற்கால மக்கள் தின்றெறிந்த சிப்பிகள் குவிந்து எழுந்தவை அம்மேடுகள். இறந்தோரையும் அவற்றிலேயே புதைத்தனர். ஜார்ஜ் விண்ட்சர் ஏர்ல் 1860இல் அங்கே தோண்டிப் பார்த்த காலத்திலேயே சுண்ணாம்புக் காளவாய்க்காக மேடுகளை வெட்டி எடுத்துக்கொண்டிருந்தனர். எத்தனை பேருடைய ஈமக்குழி எந்த வீட்டுச் சுவருக்குப் பூச்சாயிற்றோ! வான் ஸ்டெயின் காலன்ஃபெல்ஸ் 1934இல் அகழ்ந்த எலும்புகள் பல ஹாலந்து நாட்டு லெய்டன் நகருக்குச் சென்றன.

2017இல், காட்சிக்கூடம் எழுப்பும் பணியின்போது, ஐயாயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட பெண்ணின் எலும்புக்கூடு வெளிப்பட்டது. 'பினாங்குப் பெண்' என்று அதனைப் போற்றுகின்றனர். போற்றுதல் தக்கதே. ஆயின், எலும்பே செல்வம், மேடு அதன் வெறும் உறை என எழுதுவது பிழையான பார்வை. அவள் உண்டது யாது, கடல் அன்று எவ்வளவு அண்மையில் இருந்தது, அவளுக்கு முன்னும் பின்னும் புதைக்கப்பட்டோர் எவர் என்பவற்றை அடுக்கடுக்கான சிப்பியும் மண்ணுமே கூறும். அயல்நாடு சென்ற எலும்பைக் கேட்டுப் பெறலாம். சுண்ணாம்பாய் வெந்த அடுக்கை யாரிடம் கேட்பது?

2005ஆம் ஆண்டுத் தேசியப் பாரம்பரியச் சட்டம் காப்புக்கு இடந்தருகிறது. அக்காப்பு கண்ணாடிப் பேழையளவில் நின்றுவிடலாகாது. மேடுகள் பரந்திருந்த நிலம் முழுவதையும் அளந்து எல்லை குறித்தல் வேண்டும். அதனுள் எவர் அடித்தளக் குழி வெட்டினும் ஆய்வாளர் முன்னே சென்று பார்த்தல் வேண்டும். 2017இல் கிடைத்தவள் அத்தகைய குழியருகேதான் கிடந்தாள்.