வால்வை மாற்றினால் மாறுவது எது?

வால்வுக்குச் சாக்கெட் வைத்தவர்கள் அதை ரசனைக்காக வைக்கவில்லை, பழுதுக்காக வைத்தார்கள். கேதோடின் மேல் பூசிய பேரியம், ஸ்ட்ரான்ஷியம் ஆக்சைடுகள் சூட்டில் எலக்ட்ரானை உமிழ்ந்து உமிழ்ந்து ஒருநாள் ஓய்ந்துவிடும். ரெசிஸ்டரையும் கண்டென்சரையும் ஈயம் வைத்துப் பற்றவைத்தவர்கள், ஓய்ந்துபோகிற இந்த ஒன்றை மட்டும் கையால் உருவி மாற்றும்படி விட்டுவைத்தார்கள். அந்த வசதியிலிருந்து ஹை-ஃபை ரசிகர்களிடம் ஒரு தனிப் பழக்கம் முளைத்திருக்கிறது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் வால்வைக் கழற்றிவிட்டு, அதே எண்ணுள்ள வேறு கம்பெனி வால்வையோ அறுபது வருஷத்துப் பழைய ஸ்டாக்கையோ செருகி, ஒலி எப்படி மாறுகிறது என்று கேட்கிறார்கள். 'ட்யூப் ரோலிங்' என்று இதற்குப் பெயர்.

இதில் கேட்கிற வித்தியாசம் வெறும் பிரமை என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அந்த வித்தியாசம் பெரும்பாலும் ஒரு பழுது நீங்கியதால் வருவது. இல்லையென்றால் ஆம்ப்ளிஃபயரின் சொந்தப் பலவீனம் வெளியே தெரிவதால் வருவது. பிராண்டின் பெயருக்காகக் கொட்டிக் கொடுக்கும் பணத்துக்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு.

அதிகம் மாற்றப்படும் வால்வான 12ஏஎக்ஸ்7-ஐ எடுத்துக்கொள்வோம். ஐரோப்பாவில் இதுவே இசிசி83. ஒரு கண்ணாடிக்குள் இரண்டு டிரையோடுகள், ஒன்பது ஊசிகள், பெருக்க எண் 100. இந்த 100 என்பது தரவுத்தாளில் அச்சிட்ட எண். கையில் இருக்கும் வால்வு அதற்குக் கொஞ்சம் மேலேயோ கீழேயோ இருக்கும். ஒரே கண்ணாடிக்குள் இருக்கும் இரண்டு பாதிகள்கூட அச்சாக ஒத்துப்போவதில்லை. கிரிட் கம்பிச் சுற்றுகளின் இடைவெளி, கேதோடு பூச்சின் தரம், மைக்கா தகடு உள்ளிருப்பவற்றை எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கிறது என்பதெல்லாம் காதுக்கு எட்டக்கூடிய விளைவுகளைத் தரும். மைக்காவின் பிடி தளர்ந்த வால்வை விரலால் தட்டினால் ஸ்பீக்கரில் 'டிங்' என்று கேட்கும். இசைத்தட்டின் ஊசியிலிருந்து வரும் சிக்னல் சில மில்லிவோல்ட்தான். அதைப் பெருக்கும் முதல் வால்வில் இந்த அதிர்வோ இரைச்சலோ இருந்தால், பின்னால் வரும் எந்த நிலையும் அதைச் சரிசெய்ய முடியாது. ஆகவே இசைத்தட்டுச் சிக்னலைப் பெருக்கும் ஃபோனோ பகுதியின் முதல் சாக்கெட்டில் நல்ல வால்வைத் தேடிப் போடுவது முழு நியாயமுள்ள வேலை. அமைதியான வால்வைப் போட்டதும் பின்னணி இருண்டு, வீணையின் மீட்டு அடங்கும்போது அதன் வால்நுனிவரை கேட்கிறது என்று ஒருவர் சொன்னால் நான் நம்புவேன்.

பழைய தொழிற்சாலைகள் இந்த நுணுக்கங்களில் உண்மையிலேயே தேர்ந்தவை. இங்கிலாந்தின் பிளாக்பர்னில் முல்லார்டும், ஹாலந்தின் ஹேர்லனில் பிலிப்ஸும், ஜெர்மனியில் டெலிஃபங்கனும் ரேடியோவுக்கும் தொலைக்காட்சிக்கும் தொலைபேசிக்கும் ராணுவத்துக்கும் சேர்த்துச் செய்தார்கள். உற்பத்தி பெரிது, கண்காணிப்பும் கடுமை. இ88சிசி போன்ற தனிரக வால்வுகள் 10,000 மணி நேரம் உழைக்கும் என்ற வாக்குறுதியோடு வந்தன. அந்தக் கைத்திறனை மதிப்பவர்கள் பழைய வால்வைத் தேடுவதில் அர்த்தம் இருக்கிறது. கண்ணாடியின் உச்சியில் வெள்ளிபோலப் பளபளக்கும் பூச்சுக்கு மூலமான கெட்டர் வளையத்தின் வடிவத்தைப் பார்த்து ஒலியை எடைபோடுவதில்தான் அர்த்தம் இல்லை. மிஞ்சிய காற்றை உறிஞ்சுவது மட்டுமே கெட்டரின் வேலை. அதன் வடிவத்திலிருந்து வால்வு எந்தக் காலத்தது என்று ஊகிக்கலாம். இசை அதன் வழியாகப் போவதில்லை.

வால்வு எவ்வளவு மாறினால் ஒலி எவ்வளவு மாறும் என்பதைத் தீர்மானிப்பது சர்க்யூட். 1947-இல் டி. டி. என். வில்லியம்சன் 'வயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் தம் ஆம்ப்ளிஃபயர் வடிவமைப்பை வெளியிட்டார். வெளியீட்டில் ஒரு ஜோடி கேடி66 வால்வுகள். வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மரையும் உள்ளடக்கி 20 டெசிபல் எதிர்ப் பின்னூட்டம், அதாவது வெளியீட்டில் ஒரு பகுதியைத் திருப்பி உள்ளீட்டில் கழிப்பது. 15 வாட்டில் டிஸ்டார்ஷன் 0.1 சதவீதம் என்ற அளவுக்கு இறங்கியது. இந்தப் பின்னூட்டத்தின் நோக்கமே வால்வின் தனிக் குணம் வெளியே தெரியாமல் செய்வதுதான். பின்னூட்ட வளையத்துக்குள் இருக்கும் ஒரு வால்வின் பெருக்கம் 10 சதவீதம் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். 20 டெசிபல் பின்னூட்டம் இருந்தால் வெளியே தெரிவது சுமார் 1 சதவீதம், அதாவது 0.1 டெசிபலுக்கும் குறைவு. பின்னூட்டமே இல்லாத சர்க்யூட்டில் அதே 10 சதவீதம் முழுசாக வெளியே வரும்; ஒலி கிட்டத்தட்ட 1 டெசிபல் இறங்கும்.

பின்னூட்டம் இல்லாத, ஒற்றை 300பி வால்வில் ஓடும் ஆம்ப்ளிஃபயரை வைத்திருப்பவர், வால்வு மாற்றினால் எல்லாமே மாறுகிறது என்று சொல்வது பொய்யல்ல. அது அந்த ஆம்ப்ளிஃபயருக்கான பாராட்டா என்பதில்தான் எனக்கு மாறுபாடு. பத்து வால்வுக்குப் பத்து விதமாகப் பாடும் கருவியில் எந்த ஒலியை அதன் வடிவமைப்பாளர் மனத்தில் வைத்திருந்தார்? பதிவில் இருப்பதை அப்படியே கொண்டுவருவது ஹை-ஃபையின் இலக்கு என்றால், வால்வுக்கு வால்வு நிறம் மாறுவது குறை. அந்த நிறம்தான் பிடித்திருக்கிறது என்றால் அது ரசனை, அதில் தப்பில்லை. ரசனையை 'மேம்பாடு' என்று விற்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

ஹை-ஃபை ரசிகர்களின் நம்பிக்கையில் ஒரு பகுதி கிதார்க்காரர்களிடமிருந்து வந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. கிதார் ஆம்ப்ளிஃபயரில் வால்வை வேண்டுமென்றே தாங்கமுடியாத அளவுக்கு ஓட்டுகிறார்கள். அது வெட்டுப்படும் விதமே அங்கே இசை. 1973-இல் ரஸ்ஸல் ஹாம், வால்வு, டிரான்சிஸ்டர் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் மைக்ரோஃபோன் முன்பெருக்கிகள் அளவுக்கு மீறிய சிக்னலில் எப்படி நடந்துகொள்கின்றன என்பதைத்தான் ஆராய்ந்தார். வீட்டில் மிதமான சத்தத்தில் பாட்டுக் கேட்கும்போது சின்ன வால்வுகள் அந்த எல்லைக்குப் பக்கத்தில்கூடப் போவதில்லை. அங்கே மெய்யான கண்டுபிடிப்பு இங்கே அப்படியே செல்லாது.

அதே எண்ணுள்ள வேறு பிராண்டை மாற்றுவது ஒன்று. வேறு எண்ணையே செருகுவது முற்றிலும் வேறு. 12ஏஎக்ஸ்7 இருந்த இடத்தில் பெருக்க எண் 70 உள்ள 5751, 60 உள்ள 12ஏடி7, 20-க்கும் கீழே உள்ள 12ஏயு7 ஆகியவை ஊசிக்கு ஊசி பொருந்தும். ஆனால் அவை கேட்கும் மின்னோட்டம் வேறு. பெருக்கம் குறைந்தால் பின்னூட்டமும் குறைந்து டிஸ்டார்ஷன் கூடும். ஃபோனோ பகுதியில் வால்வின் உள்தடையே சமன்படுத்தும் வலைப்பின்னலின் ஓர் உறுப்பாக இருந்தால், கீழ்ஸ்தாயியும் மேல்ஸ்தாயியும் சாய்ந்துவிடும். இதைக் கேட்டு 'இதமாக இருக்கிறது' என்று சொல்பவர், சர்க்யூட் தன் கணக்கிலிருந்து விலகியதைத்தான் கேட்கிறார்.

பவர் வால்விலும் ரெக்டிஃபையரிலும் இந்த விளையாட்டு ஆபத்தாகிறது. இஎல்34-இன் ஹீட்டர் 1.5 ஆம்பியர் எடுக்கும், கேடி88 1.6 எடுக்கும், வித்தியாசம் சிறிதாகத் தெரிந்தாலும் இரண்டுக்கும் வேண்டிய பயாஸ் (கிரிடுக்குத் தரும் நிலை மின்னழுத்தம்) வேறு. ஃபிக்ஸட் பயாஸ் ஆம்ப்ளிஃபயரில் அதே எண்ணுள்ள புதிய ஜோடியைப் போட்டாலும் பயாஸை அளந்து சரிசெய்தாக வேண்டும். செய்யாமல் விட்டால் பிளேட் சிவந்து, வால்வோடு டிரான்ஸ்ஃபார்மரும் போகலாம். ஜிஇசட்34 ரெக்டிஃபையர் இருந்த சாக்கெட்டில் 5யு4ஜி-ஐச் செருகினால் ஹீட்டர் மின்னோட்டம் 1.9 ஆம்பியரிலிருந்து 3-க்கு ஏறுகிறது. பழைய டிரான்ஸ்ஃபார்மர் அதைத் தாங்குமா என்று பார்க்காமல் 'பேஸ் மென்மையாகிறது' என்று பரிந்துரைப்பது பொறுப்பில்லாத பேச்சு. உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிற பெட்டி அது.

காதை எவ்வளவு நம்பலாம்? வால்வை மாற்ற ஆம்ப்ளிஃபயரை அணைக்க வேண்டும், ஆறவிட வேண்டும், மாற்றி, மறுபடி சூடேற்ற வேண்டும். நுட்பமான ஒலிநிறத்தை ஒப்பிடும் நினைவு சில நொடிகளுக்குமேல் தங்குவதில்லை. இந்த இடைவெளியில் ஒலி அளவு கால் டெசிபல் கூடினாலும் நாம் 'சத்தம் கூடியது' என்று உணர்வதில்லை, 'தெளிவு கூடியது' என்றே உணர்கிறோம். மீட்டர் வைத்து இரண்டு வால்வுகளின் ஒலி அளவையும் சமமாக்காத ஒப்பீட்டை நான் கணக்கில் எடுப்பதில்லை. 1985-இல் பாப் கார்வர் அமெரிக்காவின் 'ஸ்டீரியோஃபைல்' ஆசிரியர்களுக்கு முன்னால் ஒரு சவாலை நிறைவேற்றினார். தம்முடைய விலை குறைந்த டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரைத் திருத்தித் திருத்தி, விலை உயர்ந்த ஒரு வால்வு ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டோடு ஒத்துப்போக வைத்தார். இரண்டின் வித்தியாசம் சுமார் 70 டெசிபல் கீழே போனபோது அவர்களால் இரண்டையும் பிரித்தறிய முடியவில்லை. வால்வின் ஒலி என்று நாம் நேசிப்பதில் பெரும்பகுதி அளக்கக்கூடியது என்று அது காட்டியது. அதில் முக்கியமான ஒன்று வெளியீட்டு மின்தடை. அது 2.5 ஓம் உள்ள ஆம்ப்ளிஃபயரில், 4 ஓமுக்கும் 30 ஓமுக்கும் இடையில் ஏறி இறங்கும் ஸ்பீக்கரை மாட்டினால், அதிர்வெண்ணுக்கு அதிர்வெண் 3.5 டெசிபல் வரை சாய்வு வரும். இசிசி83-இன் பிராண்டுகளுக்கு இடையிலான வித்தியாசம் இதன் பக்கத்தில் நிற்காது. வால்வுக்கு வைத்த பணத்தில் பொருத்தமான ஸ்பீக்கரைத் தேடச் சொல்வது இதனால்தான்.

சந்தை இன்னொரு சிக்கல். கண்ணாடியில் அச்சிட்ட பெயர் தொழிற்சாலையைக் காட்டுவதில்லை. அன்றே ஒரு கம்பெனி வால்வு இன்னொரு கம்பெனி லேபிளில் விற்றது. முல்லார்டையும் சேர்த்த பிலிப்ஸ் குடும்ப வால்வுகளில் கீழே பொறித்த சின்னக் குறியீட்டைப் பார்த்தால்தான் பிளாக்பர்னா ஹேர்லனா என்று தெரியும். இன்று 'முல்லார்ட்', 'டங்-சோல்', 'கோல்ட் லயன்' என்ற பெயர்களில் வரும் புதிய வால்வுகள் ரஷ்யாவின் சராத்தோவ் தொழிற்சாலையில் பிறப்பவை. அவை மோசமானவை அல்ல, பழைய பெயரின் வாரிசுகளும் அல்ல. ஸ்லோவாக்கியாவின் சாட்சாவில் ஜேஜே என்ற வால்வுக் கம்பெனி இருக்கிறது, சீனாவில் சில ஆலைகள் இருக்கின்றன, பெரும்பாலும் அவ்வளவுதான். 2022 மார்ச்சில் ரஷ்யா ஏற்றுமதிக்குத் தடை போட்டபோது, இந்த உலகம் எத்தனை மெல்லிய நூலில் தொங்குகிறது என்பது தெரிந்தது. நம் பக்கத்தில் பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் பிலிப்ஸின் தொழில்நுட்ப உதவியோடு செய்த வால்வுகள் பழைய ஸ்டாக்கில் இன்னும் அகப்படுகின்றன; பெயரைப் பார்க்காமல் அளந்து வாங்குபவருக்கு அவையும் நல்ல தேர்வு. இனி யாரும் செய்யப்போவதில்லை என்ற நிலையில் உள்ள பழைய வால்வுகளை, 'எப்படி இருக்கிறது பார்ப்போம்' என்று மாற்றி மாற்றித் தேய்ப்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. அவை இல்லாவிட்டால் ஊமையாகிவிடும் பழைய ரேடியோக்களும் ஆம்ப்ளிஃபயர்களும் இருக்கின்றன.

மாற்றிப் பார்க்க ஆசைப்படுபவர் முதலில் செய்யவேண்டியதற்குப் பைசா செலவில்லை. ஆம்ப்ளிஃபயரை அணைத்து, ஆறவிட்டு, இடது சேனலின் சின்ன வால்வையும் வலது சேனலின் அதே எண் வால்வையும் இடம் மாற்றிப் போடுங்கள். இடப்பக்கம் கேட்ட இரைச்சல் வால்வோடு வலப்பக்கம் போனால், வால்வு வாங்குங்கள். இரைச்சல் இருந்த இடத்திலேயே நின்றால் குறை சாக்கெட்டிலோ ரெசிஸ்டரிலோ கண்டென்சரிலோ இருக்கிறது. எந்த டெலிஃபங்கனும் அதைத் தீர்க்காது. அந்தப் பணம் மெக்கானிக்குக்குப் போகவேண்டியது.