மூச்சு முட்டும் வீட்டுக்கு யார் வருவது?

நுரையீரல் புற்றுநோய் முற்றியவர்களில் பலரை வலிக்கு மேலாக வாட்டுவது மூச்சு முட்டுதல். படுக்க முடியாது. மேசைமேல் தலையணைகளை அடுக்கி, கதிரையில் இருந்தபடியே அவற்றின்மேல் கவிழ்ந்து விடியும்வரை கிடப்பார்கள். பக்கத்தில் விழித்திருக்கும் மனைவிக்கோ மகளுக்கோ என்ன செய்வதென்று தெரியாது. உதவக்கூடியவை பெரிய சங்கதிகள் அல்ல. வைத்தியர் அளந்து தரும் சிறிதளவு மோர்பின், அதனால் வரும் மலச்சிக்கலுக்கு அன்றைக்கே தொடங்கும் மருந்து, முகத்துக்கு நேரே ஒரு சின்ன விசிறி, நெஞ்சுக்குள் நீர் தேங்கினால் வடித்தெடுக்க ஒரு வைத்தியசாலை. தணிப்புச் சிகிச்சை எனப்படும் இவை நோயாளியின் வீடுவரை எப்படி வந்து சேர்கின்றன என்பதில்தான் இலங்கையும் இந்தியாவும் வெவ்வேறு வழியில் போயிருக்கின்றன.

இந்தியாவில் மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரச அனுமதியோடு அபின் விளைகிறது. மோர்பின் அதிலிருந்துதான் வருகிறது. அப்படியிருந்தும், 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் கேட்ட அனுமதிப் பத்திரங்களுக்குப் பயந்து மருந்தகங்கள் மோர்பினையே கைவிட்டன. நோயாளிகள் வலியில் துடித்தார்கள். அந்தச் சிக்கலை ஓரளவு அவிழ்க்க 2014இல் வந்த திருத்தம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கேரளம் காத்திருக்கவில்லை. 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் சேர்ந்து வலி தணிப்புக்கென ஒரு சங்கத்தைத் தொடங்கினார்கள். சில ஆண்டுகளில் அது மலப்புறத்தின் ஊர்களுக்குள் இறங்கியது. அயலவர்கள் பயிற்சி பெற்றார்கள். நோயாளியின் அருகில் இருந்து பேசினார்கள், அரிசி தீர்ந்த வீட்டுக்கு அரிசி கொண்டுபோனார்கள், மூச்சு மோசமானால் தாதிக்குச் சொன்னார்கள். 2008இல் மாநில அரசு இதைக் கொள்கையாகவே அறிவித்தது. இன்று பஞ்சாயத்துகளின் பொறுப்பில் தாதிகள் வீடு வீடாகப் போகிறார்கள். தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் வீட்டுக்கே வரும் தணிப்புச் சிகிச்சை உண்டு. ஆனால் கேரளத்தை வைத்து இந்தியாவை அளக்கக் கூடாது. இப்படி எதுவுமே எட்டாத மாவட்டங்கள் வடக்கே ஏராளம்.

இலங்கையின் பலம் வேறு. மகரகமவிலோ தெல்லிப்பழையிலோ உள்ள அரச வைத்தியசாலையில் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு நோயாளி காசு கட்டுவதில்லை. தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்காக 2011இல் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை நடந்து நிதி திரட்டினார்கள். போர் முடிந்து இரண்டே வருடங்களில் தெற்கும் வடக்கும் சேர்ந்து செய்த காரியம் அது. ஆனால் முல்லைத்தீவின் உட்கிராமத்தில் இருக்கும் நோயாளி, மூச்சு வாங்க வாங்க, பஸ் மாறி அங்கே போய்ச் சேர வேண்டும். போக முடியாத நாள் வந்ததும் சிகிச்சையும் பெரும்பாலும் நின்றுவிடுகிறது. அரசையே முழுதாய் நம்பியிருப்பதில் உள்ள ஆபத்தையும் 2022இன் மருந்துத் தட்டுப்பாடு காட்டியது.

எனக்கு ஆற்றாமையாக இருப்பது இதுதான். கேரளம் ஆள் தேடி, பணம் தேடி, புதிதாய்க் கட்டியெழுப்ப வேண்டியிருந்தது. இலங்கையிலோ 1926இல் களுத்துறையில் தொடங்கிய பொதுச் சுகாதார ஏற்பாடு இன்று நாடெங்கும் இருக்கிறது. கர்ப்பிணியின் வீட்டுக்கு மருத்துவமாது தவறாமல் வருகிறார். பிறப்புக்கு வரத் தெரிந்த சுகாதாரத் துறை, சாகப்போகிறவரின் படலையையும் திறக்கலாம். தணிப்புச் சிகிச்சைக்கென 2019–2023க்கு வகுத்த தேசியத் திட்டத்தில் வீட்டுப் பராமரிப்பும் பேசப்பட்டது. கிராமத்துக்கு வேண்டியது, மோர்பின் கொடுக்கவும் புண்ணைத் துடைக்கவும் பழகிய ஒரு தாதியும் அவர் வந்துபோக ஒரு வாகனமும்.

ஒரு குறை இரு கரைக்கும் பொது. “எல்லாம் கைவிட்ட பிறகு கொடுப்பது” என்றே தணிப்புச் சிகிச்சையை நினைக்கிறார்கள். நோயின் பெயரையே அப்பாவிடம் மறைக்கும் பிள்ளைகள், மோர்பின் என்றதும் பதறுகிறார்கள். 2010இல் அமெரிக்காவின் பாஸ்டனில் நுரையீரல் புற்றுநோய் பரவிவிட்ட 151 பேரிடம் நடந்த ஆய்வு வேறு கதை சொன்னது. தொடக்கத்திலிருந்தே தணிப்புச் சிகிச்சையும் பெற்றவர்களுக்கு மனச்சோர்வு குறைந்தது. கடைசி நேரக் கடும் சிகிச்சைகளும் குறைந்தன. அவர்களின் இடைநிலை ஆயுள் 11.6 மாதம், மற்றவர்களுக்கு 8.9.

ஆகவே உங்கள் வீட்டில் ஒருவருக்கு இந்த நோய் முற்றிவிட்டது என்று தெரிந்தால், கடைசி வாரம்வரை பொறுக்காதீர்கள். கீமோ எப்போது என்று கேட்கும் அதே கிளினிக்கில், மூச்சுக்கும் வலிக்கும் யாரிடம் போக வேண்டும் என்றும் கேளுங்கள்.