ஓட்டில் எழுதிய பெயர்

ஆங்கிலத்தில் ‘ஆஸ்ட்ரசைஸ்’ என்றொரு வினைச்சொல் உண்டு. ஒருவரைக் கூட்டத்தினின்று ஒதுக்கித் தள்ளுதல் என்பது இன்று அதற்கு வழங்கும் பொருள். நம்மவர் இதனை ‘ஊர்விலக்குச் செய்தல்’ என்று பெயர்ப்பர். ஏதென்சு நகர வரலாற்றைத் தமிழில் எழுதுங்கால் இப்பெயர்ப்புப் பொருந்துமா என்பதே இங்கு ஆராயத்தக்கது.

கிரேக்க மொழியில் ‘ஆஸ்ட்ரகான்’ என்றால் ஓடு. சிப்பியின் ஓட்டையும் உடைந்த மட்கலத்தின் ஓட்டையும் அது குறிக்கும். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஏதென்சின் மக்களவை, எவரையேனும் அகற்றல் வேண்டுமா என்று ஆண்டுக்கொரு முறை வினவும். வேண்டும் என்று முடிவாயின், குறித்த நாளில் குடிமக்கள் சந்தைவெளியிற் கூடித் தாம் விரும்பாத ஒருவரின் பெயரை ஓட்டுச் சில்லில் கீறி இடுவர். 6000 சில்லுகளேனும் சேர்ந்தால், மிகுதியாகப் பெயர் பெற்றவர் 10 நாட்களுள் நகர் நீங்கி, 10 ஆண்டுகள் வெளியே வாழ்தல் வேண்டும். குற்றச்சாட்டும் இல்லை, விசாரணையும் இல்லை. ஆயினும் வீடும் நிலமும் அவருடையனவே. தவணை கழிந்து திரும்பினால் குடியுரிமையும் குறைவின்றி உண்டு.

கி.மு. 482இல் அகற்றப்பட்ட அரிஸ்டைடீசைப் பற்றிப் புளூட்டார்க் ஒரு கதை சொல்கிறார். எழுத்தறியா நாட்டுப்புறத்தான் ஒருவன், இன்னாரென்று அறியாமல் அவரிடமே சில்லை நீட்டி, அரிஸ்டைடீசு என்று எழுதித் தரக் கேட்டானாம். எங்கும் அவரை ‘நேர்மையாளர்’ என்று சொல்லக் கேட்டுச் சலித்ததே காரணமாம். அவரும் எழுதிக் கொடுத்தாராம். கதை சுவையானதே. ஆனால் புளூட்டார்க் 500 ஆண்டுகளுக்கு மேல் பிற்பட்டவர். மண்ணிற் கிடைத்த சான்று வேறொன்று கூறுகிறது. அக்ரோபோலிசின் வடசரிவில் ஒரு கிணற்றில் தெமிஸ்டோக்ளீசின் பெயர் தாங்கிய ஏறத்தாழ 190 சில்லுகள் 1937இல் கிட்டின. அவற்றை எழுதியவை 14 கைகளே! வாக்குகளை முன்கூட்டியே எழுதி வைத்துக் காத்திருந்த கட்சிக்காரர்களை இங்கே காண்கிறோம். இத்தொழில் புதிதன்று போலும்.

அரிஸ்டைடீசு பத்தாண்டும் வெளியே இருக்கவில்லை. பாரசீகப் படையெடுப்பின்போது, கி.மு. 480இல், விலக்கிய நகரமே அவரைத் திரும்ப அழைத்தது. அவரும் வந்து போரில் நின்றார்.

17ஆம் நூற்றாண்டில் இவ்வினையை எடுத்துக்கொண்ட ஆங்கிலம், நாளடைவில் தவணையையும் எண்ணிக்கையையும் உதறிவிட்டது. நம் ஊர்விலக்கோ இன்னும் கொடியது. நீரும் நெருப்பும் மறுப்பது, மீளும் நாள் சொல்லாதது. பிழைப்புத் தேடி ஊர் நீங்கிய நம்மனோர்க்கு, மீளும் உரிமையுள்ள பிரிவு வேறு, அஃதில்லாப் பிரிவு வேறு என்பதை விளக்க வேண்டுவதில்லை. ஆதலின் ஏதென்சு வழக்கத்திற்கு ‘ஓட்டு விலக்கு’ என்பதே தக்கதென்பேன். ஓட்டினாலாய விலக்கு என அது விரியும். வாக்கு என்னும் பொருளில் நாம் வழங்கும் ‘ஓட்டு’ ஆங்கிலத்திலிருந்து வந்தது. துரத்துதலைக் குறிக்கும் ‘ஓட்டு’ நம்முடையது. தற்செயலான ஒப்புமைதான்; எனினும் மூன்று பொருளும் இவ்வொரு சொல்லில் வந்து அமைகின்றன.