சலாமானின் தீவில் ஹய்

இப்னு துஃபைல் (மரணம் ஹி. 581 / கி.பி. 1185) எழுதிய ‘ஹய் இப்னு யக்ழான்’ பற்றி நம்மவர் எழுதும் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே புகழுரையில் முடிவடைகின்றன. ஆசானும் நூலும் சமூகமும் இன்றி, மானின் பாலருந்தித் தனித்தீவில் வளர்ந்தவன் தன் அறிவாலேயே இறைவனைக் கண்டடைந்தான். ஆகவே இது தனிமனித அறிவின் வெற்றிக் கதை என்பர். 1671இல் வெளிவந்த போகொக்கின் இலத்தீன் மொழிபெயர்ப்பு, ‘தானே கற்ற தத்துவஞானி’ எனப் பொருள்படும் தலைப்பைத் தாங்கியிருந்தது. ஐரோப்பாவிலும் அவ்வாறே நூல் வாசிக்கப்பட்டது. இவ்வாசிப்பு பிழையன்று, ஆயினும், நூலின் இறுதிப் பக்கங்களை அது கண்டுகொள்வதில்லை.

முதலில், ஹய்யின் தனிமையே நாம் எண்ணுமளவு தூயதன்று. விலங்குகளுக்குக் கொம்பும் வாலும் உரோமமும் இருக்க, தனக்கு மட்டும் ஏதுமில்லையே என்ற ஏக்கம் சிறுவயதிலேயே அவனை வாட்டுகிறது. ஏழு வயதை அண்மிய பொழுது இலைகளால் உடலை மறைக்கிறான்; அவை உலர்ந்து உதிர்கின்றன. பின்னர், இறந்து கிடந்த கழுகொன்றின் தோலையும் சிறகுகளையும் வாலையும் அணிந்து கொள்கிறான். விலங்குகள் அவனுக்கு அஞ்சி விலக, வளர்ப்புத் தாயான மான் மட்டும் நெருங்கி வருகிறது. மனித வாடையே இல்லாத இடத்திலும் பிறரைப் போல் தோன்றும் ஆவல் முளைப்பதை இத்துணை நுணுக்கமாகக் கண்ட ஆசிரியரை வியக்காதிருக்க முடியவில்லை. ஹய்யின் சொந்தச் சிந்தனை வேகம் கொள்வது அந்த மான் இறந்த பின்னரே. அழைத்தும் அசையாத தாயின் உடலை விட்டுப் போனது யாது எனத் தேடி, அவன் அதன் மார்பைப் பிளக்கிறான்.

எனினும், பிறரை எதிர்கொள்ளும் உண்மையான சோதனை ஹய்யின் தீவில் இல்லை. அயல்தீவிலிருந்து தனிமை நாடி வந்த அப்ஸால் அவனுக்கு மொழி கற்பிக்கிறான். பின் இருவரும் அப்ஸாலின் நண்பன் சலாமான் தலைமை தாங்கும் தீவுக்குச் செல்கின்றனர். சலாமான் மார்க்கத்தின் வெளித்தோற்றத்தைப் பற்றி நிற்பவன். கூட்டத்தோடு இருப்பதே தீய எண்ணங்களிலிருந்து காக்கும் எனக் கருதுபவன். ஹய் உட்பொருளைப் பேசத் தொடங்கியதும் மக்களின் உள்ளங்கள் சுருங்குகின்றன. ஆனால், அவன் அந்நியன், தம் தோழன் அப்ஸாலின் விருந்தாளி என்ற மரியாதையால் முகத்தில் மட்டும் இணக்கம் காட்டுகின்றனர். இறுதியில் ஹய் என்ன செய்கிறான்? தான் கூறியவற்றுக்கு மன்னிப்புக் கோருகிறான்; தானும் அவர்களது கருத்துக்கே வந்துவிட்டதாகச் சொல்கிறான்; முன்னோர் வழியையே பற்றி நிற்குமாறு உபதேசித்துவிட்டு, அப்ஸாலுடன் தன் தீவுக்குத் திரும்புகிறான்.

இவ்விடத்தை ஞானியின் கருணை என விளக்குவோர் உளர். அவர்களது நியாயத்தையும் நாம் மறுப்பதற்கில்லை. தாங்கவியலாத ஒன்றைத் திணித்தால் மக்கள் இருப்பதையும் இழப்பர் என நூல் வெளிப்படையாகவே வாதிடுகிறது. ஆயினும், அதே பக்கங்களில் அம்மக்களுள் பெரும்பாலோர் பகுத்தறிவற்ற விலங்குகளுக்கு ஒப்பிடப்படுகின்றனர். அவர்களைப் பற்றிய நம்பிக்கையைக் கைவிட்ட பின்னரே ஹய் அவர்களோடு உடன்படுகிறான். அவர்கள் அவனை மகிழ்விக்க முகம் மலர்ந்தனர். அவன் அவர்களை மகிழ்விக்கத் தன் சொல்லை விழுங்கினான். முரண்பாடு ஒன்று வாய்விட்டுப் பேசப்படாமலே, மிகுந்த நாகரிகத்துடன் பிரிவு நிகழ்கிறது. கழுகின் தோலை அணிந்த சிறுவனை இங்கு மீண்டும் காண்பதாகவே எமக்குத் தோன்றுகிறது. எம் மதிப்பீட்டில் இக்கதையின் மெய்யான தனிமனிதன் அப்ஸாலே. அவன் மக்கள் நடுவே வளர்ந்தவன். அவர்கள் ஓதியதையே ஓதியவன். நெருங்கிய நண்பனோடு மாறுபட்டு, நட்பையும் முறித்துக் கொள்ளாதவன். நம் விமர்சகர்கள் அவனை ஹய்யின் மொழியாசிரியனாக மட்டுமே கண்டு கடந்து செல்வது வருந்தத்தக்கது.

ஆசிரியரும் இந்த நெருக்கடிக்கு வெளியே நின்றவரல்லர். அவர் முவஹ்ஹித் கலீஃபா அபூ யஃகூப் யூஸுஃபின் அரசவை மருத்துவர். முன்னோர் மறைத்து வைத்ததை வெளியிட்டதற்காக நூலின் முடிவில் வாசகரிடம் மன்னிப்புக் கோருகிறார். மெல்லிய திரையொன்றை இட்டே எழுதியதாகவும் கூறுகிறார். ஆனால், வாழ்வில் அவர் ஹய்யைப் போல் நடந்து கொள்ளவில்லை. இப்னு ருஷ்தைக் கலீஃபாவிடம் அவர் அறிமுகம் செய்த நிகழ்ச்சியை வரலாற்றாசிரியர் அப்துல் வாஹித் அல்-மர்ராகுஷீ பதிவு செய்துள்ளார். வானம் அநாதியானதா, படைக்கப்பட்டதா என்பதில் தத்துவவாதிகளின் கருத்து யாது எனக் கலீஃபா வினவ, நாணமும் அச்சமும் மேலிட்ட இப்னு ருஷ்து தாம் தத்துவம் கற்றதையே மறுத்துவிடுகிறார். இதை உணர்ந்த கலீஃபா இப்னு துஃபைலின் பக்கம் திரும்பி, அரிஸ்டாட்டிலும் பிளேட்டோவும் கூறியவற்றையும் அவற்றுக்கு முஸ்லிம் அறிஞர் எழுப்பிய மறுப்புகளையும் அவரோடு உரையாடத் தொடங்குகிறார். அவ்விருவரின் பேச்சைக் கேட்டே இப்னு ருஷ்தின் நா அவிழ்ந்தது.

அந்தக் கலீஃபா 1184இல் இறந்தார். 1195இல், அவருடைய மகன் அல்-மன்ஸூரின் ஆட்சியில், இப்னு ருஷ்து லூஸீனாவுக்கு நாடு கடத்தப்பட்டார். அவருடைய தத்துவ நூல்கள் எரிக்கப்பட்டன. இப்னு துஃபைல் இறந்து அப்போது பத்தாண்டுகள் ஆகியிருந்தன.